அந்தப் பணம் உன் படிப்புக்கு வந்தது

கல்லூரி உதவித்தொகையைச் செலவு செய்வதில் குழப்பம் இருந்தால் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. அரசு கலைக் கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணம் வரவில்லை என்ற புகார்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். வந்த பணத்தை என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஏ.டி.எம். கார்டு அப்பாவிடம். பணம் ஏறிய அன்றே எடுத்து அம்மாவின் குழுத் தவணைக்கும் அண்ணன் பைக் தவணைக்கும் கட்டிவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டு வாங்கக் காசு கேட்டால், ‘அது வீட்டுக்கு வர்ற காசு’ என்கிறார். நான் கேட்பது சுயநலமா அம்மா?
- ஒரு வாசகி, சங்கரன்கோவில்

சுயநலம் இல்லை மகளே. அந்த எண்ணத்தை முதலில் விடு.

இந்தத் திட்டம் எப்படி வந்தது என்று உன் அப்பாவுக்குச் சொல். முன்பு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் இருந்தது. ஏழை வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்கு 25,000 ரூபாய், பட்டம் அல்லது பட்டயம் முடித்தவள் என்றால் 50,000 ரூபாய், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். அதைத்தான் உயர்கல்வி உதவியாக மாற்றி, 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி புதுமைப் பெண் என்று தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். கல்யாணச் செலவுக்கு வீட்டின் கையில் போன பணத்தை, படிக்கிற பெண்ணின் கணக்கில் போடுவது என்று அரசு யோசித்து முடிவெடுத்தது. அது வீட்டுக்கு வருகிற காசு என்றால் உன் பெயரில் கணக்குத் தொடங்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் அப்பாவோடு நேராக மல்லுக்கு நிற்காதே. அம்மாவிடமிருந்து ஆரம்பி. குழுத் தவணையைக் கட்டாமல் விட்டால் அம்மா பத்துப் பெண்கள் முன்னால் தலைகுனிய வேண்டும். அந்தப் பயம் உனக்கும் புரியும். அதனால் ஒரு தாளில் உன் மாதச் செலவை எழுது. ரெக்கார்டு நோட்டு, ஜெராக்ஸ், லேப் கோட், நாப்கின், செமஸ்டர் தேர்வுக் கட்டணத்துக்கு மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டிய பங்கு. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அந்தச் செலவு உனக்கு இருக்காது. கூட்டிப் பார்த்து அம்மா கையில் கொடு. குழுக் கடன் எந்த மாதத்தோடு முடிகிறது என்று கேள். அதுவரை 300 ரூபாய் நான் தருகிறேன், மீதி என் படிப்புக்கு என்று நீயாகவே சொல். வீட்டு அடுப்பு எரிவதற்கு ஒரு பங்கு கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, நீயும் அங்கேதான் சாப்பிடுகிறாய். அண்ணன் பைக்குக்கு மட்டும் ஒரு ரூபாய் கொடுக்காதே. அவர் வண்டி, அவர் தவணை.

அடுத்தது வங்கி வேலை. உன் கணக்கில் பதிவான செல்போன் எண் அப்பாவுடையதாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாஸ்புக், ஆதார் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் உன் எண்ணைப் பதிவு செய். உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, யார் கையெழுத்தும் தேவையில்லை. பணம் ஏறியது உனக்குத் தெரிந்தாலே பாதி நிலவரம் மாறிவிடும். எவ்வளவு பேசியும் கார்டு திரும்பி வரவில்லை என்றால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. தபால்காரரிடம் சொல்லி அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கியில் புதுக் கணக்குத் தொடங்கி, ஆதாரை அதோடு இணைக்கச் சொல். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், கடைசியாக எந்தக் கணக்கோடு இணைத்தோமோ அங்கேதான் போகும். கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் பேராசிரியரிடமும் அதைச் சொல்லிவிடு. வீட்டில் ஒரு நாள் சத்தம் வரும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் செய்.

சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஆதிதிராவிட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் மாநிலப் பங்கு என்று 22,800 ரூபாய் வந்தது, அதைக் கல்லூரியில் கட்டினேன். பிறகு 34,200 ரூபாய் வந்தது. அது எனக்குத்தான் என்று நினைத்து 18,000 ரூபாய்க்குப் போன் வாங்கிவிட்டேன். இப்போது கட்டணப் பாக்கி என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தப் போவதாகச் சொல்கிறார்கள். கட்டணம் 50,000, எனக்குரிய பராமரிப்புப் படி 7,000 என்கிறார்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

தம்பி, உன்னைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பணம் ஏறும்போது வருகிற குறுஞ்செய்தியில் மொத்தத் தொகைதான் இருக்கும். இதில் கல்லூரிக்கு இவ்வளவு, உனக்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. 2021-இல் வந்த விதிமுறைப்படி இந்த உதவித்தொகையில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். மத்தியப் பங்கு நேரே மாணவர் கணக்குக்கே வருகிறது. முன்பு கல்லூரிக்கும் அரசுக்கும் இடையில் முடிந்துபோன கணக்கை இப்போது இருபது வயதுப் பிள்ளை பார்க்க வேண்டியிருக்கிறது. சேர்க்கையின்போதே ஒவ்வொரு கல்லூரியும் இதை உட்காரவைத்துச் சொல்லித் தர வேண்டும். சொல்லித் தராத கல்லூரிகள் நிறைய.

உன் கணக்கைப் பார்ப்போம். 50,000-மும் 7,000-மும் சேர்த்து 57,000. அதில் 40 சதவீதம் 22,800, 60 சதவீதம் 34,200. தொகை சரியாகத்தான் வந்திருக்கிறது. முதலில் வந்ததை முழுவதுமாகக் கட்டிவிட்டாய், ஆக, கட்டணப் பாக்கி 27,200. போன் போக உன்னிடம் இருப்பது 16,200. துண்டு விழுவது 11,000 ரூபாய்தான். 18,000 என்று நினைத்து நீ தூங்காமல் இருக்கிறாய். அதில் 7,000 உன்னுடைய பணமே. பொறியியல் படித்துக்கொண்டு வீட்டிலிருந்து போய்வருகிற மாணவனுக்கு வருடத்துக்குரிய பராமரிப்புப் படி அது. விடுதியில் இருந்தால் 13,500.

இருக்கிற 16,200-ஐ நாளைக்கே கட்டு. ஆன்லைனிலோ வரைவோலையிலோ கட்டி, கல்லூரிப் பெயர் போட்ட ரசீதை வாங்கு. அலுவலகத்தில் யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதே. பிறகு முதல்வருக்கு ஒரு கடிதம்: வந்த தொகை, கட்டிய தொகை, பாக்கி 11,000, அதை மூன்று தவணையில் எந்தெந்தத் தேதியில் கட்டுவேன். வாயால் சொல்வதை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். எழுதிக் கொடு, நகலில் சீல் வாங்கு. அதற்குப் பிறகும் ஹால் டிக்கெட்டை நிறுத்தினால் அந்த நகலோடு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரைப் போய்ப் பார்.

போனை விற்றால் வாங்கிய விலை கிடைக்காது. படிப்புக்கும் அது உதவுகிறது என்றால் வைத்துக்கொள். வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடு. நீ சொல்லாமல் இருந்தால் உடனடிக் கடன் தரும் ஆப்கள் பக்கம் உன் கை போகும் என்றுதான் எனக்குப் பயம். 5,000 கடன் என்று சொல்லிப் பிடித்தம் போகக் குறைத்துக் கொடுத்து, ஒரே வாரத்தில் திருப்பிக் கேட்டு, உன் போனில் இருக்கிற எண்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறவர்கள் அதில் இருக்கிறார்கள். அப்பாவின் கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும்.

உதவித்தொகையில் சாப்பிடலாமா? துணி எடுக்கலாமா? பில் கேட்பார்களா? வருமான வரி உண்டா?
- மாணவிகள் நால்வர், அரசு கலைக் கல்லூரி விடுதி

வரி இல்லை. படிப்புச் செலவுக்குக் கொடுக்கப்படும் உதவித்தொகை வருமான வரியிலிருந்து விலக்கு பெற்றது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதிரி மாதம் வரும் பணத்துக்குப் பில் கேட்க மாட்டார்கள். பராமரிப்புப் படிக்கும் அப்படித்தான்.

சாப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், பேனாவைக் கையில் வாங்கும்போதே சரிந்து விழுந்தாள். காலையில் சாப்பிடவில்லை. விசாரித்தால் பெரும்பாலான நாட்கள் சாப்பிடுவதில்லை. ஊரிலிருந்து ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அந்த நேரத்துக்கு வீட்டில் உலை வைத்திருக்க மாட்டார்கள். அவள் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். உதவித்தொகைப் பணம் தொடாமல் அப்படியே இருந்தது. “படிப்புக்கு மட்டும்தான் எடுக்கணும்னு சொன்னாங்க மேடம்” என்றாள். கல்லூரி வாசலில் இட்லிக் கடை இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் வகுப்புக்கு வந்திருக்கிறாள். அந்த வாரமே மருத்துவ முகாமில் பார்த்ததில் ரத்தம் ரொம்பக் குறைவு.

பிள்ளைகளா, இட்லியும் முட்டையும் படிப்புச் செலவுதான். கண்ணாடி படிப்புச் செலவு. போர்டு மங்கலாகத் தெரிகிறது என்று கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறவர்கள் முதல் மாதப் பணத்தில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல்வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் டாக்டரைப் பார்க்கலாம். துணியும் எடுக்கலாம், மாற்றி உடுத்த இரண்டு சுடிதாரோடு விடுதியில் காலம் தள்ளுகிறவளுக்கு மூன்றாவது சுடிதார் ஆடம்பரம் ஆகாது. ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கு உரியதை முதலில் ஒதுக்கிவிட்டு எடுங்கள். தீபாவளிக்கு முன்னால் பணம் வந்தால் தோழிகளோடு கடைக்குப் போகத் தோன்றும். அந்தச் சமயத்தில்தான் பல கல்லூரிகளில் நவம்பர் தேர்வுக் கட்டணமும் கேட்பார்கள்.

என் கணக்கில் 1,000 ரூபாய் ஏறியது. ஜூன் மாதம் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்துவிட்டார்கள். யார் எடுத்தது?
- மாணவர், அரியலூர்

அது காப்பீடு தம்பி. 436 ரூபாய் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் சுரக்ஷா விபத்துக் காப்பீடு. கணக்குத் தொடங்கும்போது நீட்டிய தாள்களில் நீ போட்ட கையெழுத்தில் ஒன்று இதற்கான ஒப்புதலாக இருக்கும். இரண்டுக்கும் வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. விபத்துக் காப்பீட்டை வைத்துக்கொள், 20 ரூபாய்க்கு 2 லட்சம் என்பது நல்ல பாதுகாப்பு. ஆயுள் காப்பீடு, உன் சம்பாத்தியத்தை நம்பி யாரும் இல்லாத இந்த வயதில் அவசியம் இல்லை. வேலைக்குப் போனபின் எடுக்கலாம். வேண்டாம் என்றால் அடுத்த மே மாதத்துக்கு முன் கிளையில் எழுதிக் கொடு. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று தனியாகப் பணம் பிடித்திருந்தால், அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல். அதற்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது.

பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிறேன். பிரகதி உதவித்தொகை 50,000 ரூபாய் கிடைத்திருக்கிறது. 70,000 ரூபாய் லேப்டாப் ஒன்றை மீதிக்கு இ.எம்.ஐ. போட்டு வாங்கலாமா?
- ஒரு மாணவி, தருமபுரி

வாழ்த்துகள் மகளே. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) கொடுக்கும் இந்தத் தொகையைக் கல்லூரிக் கட்டணம், கம்ப்யூட்டர், புத்தகம், கருவிகள், மென்பொருள் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். லேப்டாப் வாங்குவதில் தவறே இல்லை. இ.எம்.ஐ. மட்டும் வேண்டாம். அடுத்த வருடம் உதவித்தொகையைப் புதுப்பிப்பதில் தாமதம் வந்தால் அந்தத் தவணையை உன் வீட்டில் யார் கட்டுவார்கள்?

வாங்குவதற்கு முன் கல்லூரியில் ஒன்று விசாரி. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கணினி கொடுப்பதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. உன் பெயர் அதில் இருந்தால் இந்த 50,000-ஐக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், கம்பெனிகளில் பயன்படுத்தி வந்த பழைய பிசினஸ் லேப்டாப்பை உத்தரவாதத்தோடு விற்கும் கடைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய்வர முடிந்தால் விலையும் தேர்வும் நன்றாக இருக்கும். 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று பார். பாட்டரியை அங்கேயே அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார். உன் பெயரில் பில் வாங்கு. விவரம் தெரிந்த சீனியர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போ.

கட்டட வரைபடம் போடும் ஆட்டோகேடு மென்பொருளுக்குக் காசு கேட்டால் கொடுக்காதே. அந்த நிறுவனமே மாணவர்களுக்கு இலவச உரிமம் தருகிறது. கல்லூரி அடையாள அட்டையை வைத்துப் பதிவு செய்தால் போதும். ‘வேலை உறுதி’ என்று சொல்லி 15,000, 20,000 கேட்கிற பயிற்சி மையங்களுக்குப் போவதற்கு முன், தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வனில் என்ன இருக்கிறது என்று பார். சென்னை ஐ.ஐ.டி. பங்கெடுத்து நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் பாடங்களைக் கேட்க ஒரு பைசாவும் வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய். உதவித்தொகையை அதில் போடுவது எனக்குப் பிடித்த செலவு.

கூடப் படிக்கும் நண்பன், என் உதவித்தொகைக் கணக்கை ஒரு மாதம் ‘வாடகைக்கு’க் கொடுத்தால் 5,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறான். பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் போதுமாம்.
- மாணவர், கோயம்புத்தூர்

கொடுக்காதே. அந்தப் பணம் யாரோ ஒரு ஓய்வூதியரை ஏமாற்றிப் பறித்ததாக இருக்கும். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் போலீஸ் முதலில் தேடுவது பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் சொந்தக்காரரை. அது நீதான். கணக்கை முடக்கினால் உன் உதவித்தொகையும் உள்ளே சிக்கிக்கொள்ளும். வழக்குப் பதிவானால் அரசு வேலைக்கான விசாரணை வரைக்கும் பின்னால் வரும். கார்டையோ சிம்மையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு வங்கிக்குப் போன் செய்து கணக்கை நிறுத்து. பிறகு 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்கு நீயாகவே சொல். நண்பனையும் அழைத்துக்கொண்டு போ. அவனும் யாரிடமோ ஏமாந்துகொண்டிருக்கலாம்.

என் மகள் பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு. வந்த பணத்தைப் பெரும்பாலும் சேர்த்து வைத்திருக்கிறாள், 22,000 ரூபாய் இருக்கிறது. நகைச் சீட்டில் போடலாம் என்கிறேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள்.
- ஒரு தாய், மன்னார்குடி

உங்கள் மகள் பக்கம்தான் நான் நிற்கிறேன் அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாதம் 1,000 ரூபாய் பட்டப்படிப்போடு நின்றுவிடும். அடுத்து எம்.ஏ. அல்லது பி.எட். போக வேண்டும், அல்லது அரசு வேலைக்கான தேர்வாணையத் (டி.என்.பி.எஸ்.சி.) தேர்வுக்குப் படிக்க வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு வருகிற அந்த வருடத்தில்தான் எத்தனையோ பெண்களின் படிப்பு நின்றுபோகிறது. காரணம் பல சமயம் சின்னத் தொகையாக இருக்கும். விண்ணப்பக் கட்டணம், நுழைவுத் தேர்வுக்குத் திருச்சி வரை போய்வரும் செலவு, சேர்க்கையன்று கட்ட வேண்டிய முதல் தொகை. அன்றைக்கு ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று வீட்டில் சொல்வார்கள். அடுத்த வருடம் மாப்பிள்ளை பார்ப்பார்கள். உங்கள் மகள் அதைப் புரிந்துகொண்டு சேர்த்திருக்கிறாள் என்று தோன்றுகிறது.

நகைச் சீட்டில் போட்டால் முடிவில் நகையாகத்தான் வாங்க வேண்டும். ஜூன் மாதம் கல்லூரியில் பணம் கட்டச் சொன்னால் அதை எடுத்துக் கொடுக்க முடியாது. 5,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டு, மீதியை அவள் பெயரில் ஆறு மாத வைப்பில் போடச் சொல்லுங்கள். தேர்வாணையத்தின் நிரந்தரப் பதிவுக்கு 150 ரூபாய்தான், ஐந்து வருடத்துக்குச் செல்லும். அதை இப்போதே செய்துவிடட்டும். தமிழ் படித்த பிள்ளைக்கு அந்தத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் பயமுறுத்தாது. எம்.ஏ. சேர்க்கை அறிவிப்பு எப்போது வரும் என்று துறைத் தலைவரிடம் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பம் போடப் போகும் நாளில் முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.